பின்பலகையில் நான்கு ஆணிகள்

மகாவலி கங்கை நடுமலை நாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் தூரம் ஓடிவந்து கடலோடு கலக்கும் இடத்திற்குக் கொட்டியாரக் குடா என்று பெயர். குடாவின் வடபால் திருகோணமலைத் துறைமுகம், தென்பால் மூதூர், மூதூரிலிருந்து தெற்கே சில மைல் சென்றால் தோப்பூர். வயலும் களப்பும் கடலும் ஒன்றுக்கொன்று அயலாகக் கிடக்கும் நிலம் அது. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் இக்கரையின் சிறு படகுகள் மணலில் ஏறிவிடும். கடல் தணியும் வரையில் வலை பொத்துவதும் படகு பழுது பார்ப்பதுமே வேலை. அந்த நாட்களிற் செய்யவேண்டிய வேலைகளுள் மிகச் சிறியதும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பெரும்பாலும் தள்ளிப்போடப்படுவதுமான ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். படகின் பின்பலகையோடு இயந்திரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும் நான்கு போல்ட்டுகளைப் பற்றியதே அது.

கடலுக்குப் போகாத குடும்பத்தாருக்கும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அடுக்களையிலுள்ள எவர்சில்வர்க் குவளைக்கும், 1782ஆம் ஆண்டு திருகோணமலைக்கு முன்பாக நடந்த கடற்போருக்கும், விஞ்ஞானப் பாடத்தில் வரும் மின்கலத்துக்கும் இந்த நான்கு போல்ட்டுகளோடு நெருங்கிய உறவு உண்டு.

இன்று இப்பகுதியின் கரைகளில் மரத்தோணி அருகிவிட்டது. பதினெட்டு அடி அளவுள்ள கண்ணாடியிழைப் படகும், அதன் பின்னால் தொங்கும் வெளியிணைப்பு இயந்திரமுமே எங்கும் காணப்படுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் படகுகளை வாரிக்கொண்டு போன பின்னர், உதவியாக வந்து குவிந்த புதுப் படகுகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. அவசரத்திற் கட்டப்பட்ட அப்படகுகளுட் சில தரம் குறைந்தவை என்று உலக உணவு விவசாய நிறுவனம் அக்காலத்திலேயே எச்சரித்ததுண்டு. கண்ணாடியிழைப் படகைப் பார்ப்போர் அது முழுவதும் ஒரே பொருளாலானது என்று எண்ணுவர். பின்பலகை அப்படியன்று. இயந்திரத்தின் பாரத்தையும் இழுவையையும் தாங்குவதற்காக, கண்ணாடியிழைத் தோல்கள் இரண்டிற்கும் நடுவே ஒட்டுப்பலகை வைத்து அதைக் கட்டுவது வழக்கம். இரண்டு அப்பளங்களுக்கு நடுவே ஒரு ரொட்டித் துண்டை வைத்தாற்போல என்று சொல்லலாம். வெளியே தெரிவது அப்பளம். வலிமையெல்லாம் ரொட்டியில் இருக்கின்றது. ரொட்டி நனைந்தால் என்னவாகும் என்பதை வீட்டிலுள்ள பெண்மணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பலகையில் துளையிட்டுத்தான் போல்ட்டை ஏற்ற வேண்டும். துளை என்பது நீருக்கு நாமே திறந்துவிடும் வாசல்.

இயந்திரம் ஓடும்போது போல்ட்டுகளின் மீது விழும் விசை எத்தகையது என்று சற்று எண்ணிப் பார்ப்போம். நீருக்கடியிற் சுழலும் விசிறி, தண்டை முன்னோக்கித் தள்ளுகின்றது. தள்ளுமிடம் கீழே, பிடித்திருக்குமிடம் மேலே. ஆகவே தாங்கியின் அடிப்பகுதி பலகையோடு அழுந்த, மேற்பகுதி பலகையை விட்டுப் பிரிந்து பின்னோக்கிச் சாயப் பார்க்கின்றது. மேலிரு போல்ட்டுகளே இழுவையைத் தாங்குபவை. படகைப் பின்னோக்கிச் செலுத்தும்போது இந்த முறை தலைகீழாகும். இழுவை தாங்காவிட்டாலும் கீழிரு போல்ட்டுகளுக்கு வேறொரு தொல்லை உண்டு. அவை நீர்மட்டத்துக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருப்பதால் நாள் முழுவதும் நனைந்துகொண்டே இருக்கின்றன. மேலே உள்ளவை அறுந்தால் இயந்திரம் போகும். கீழே உள்ளவை கசிந்தால் பலகை போகும். பலகை போன பின்பு மேலே உள்ளவை எத்தனை உறுதியாக இருந்தும் பயனில்லை. பல குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்த பெருஞ்சொத்து அந்த இயந்திரமே. அதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கரை தெரியாத தூரத்தில் துடுப்போடு நிற்பவனுக்குச் சொத்துக் கணக்கு இரண்டாம் பட்சமாகிவிடும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பலகையை உக்க வைப்பதில் உப்புநீரைக் காட்டிலும் மழைநீரே கொடியது. மரத்தை அரிக்கும் காளான் உப்பை விரும்புவதில்லை; முற்காலக் கப்பற் கட்டுநர் சிலர் மரச் சட்டங்களின் இடுக்குகளில் உப்பைக் கொட்டி நிரப்பியதும் இதனாலேயே. கடலில் ஓடும்போது கெடாத பலகை, வாடை மழையில் கரையிற் சும்மா கிடக்கும்போது கெட்டுவிடுவதுண்டு. படகினுள்ளே தேங்கிய மழைநீர் போல்ட்டுத் துளை வழியாக மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். ஓய்வெடுக்கிறது என்று நாம் எண்ணும் காலமே படகுக்கு நோய்க்காலமாகி விடுகின்றது.

நோய் வந்திருக்கிறதா என்று அறிய வைத்தியர் தேவையில்லை. முற்றிய தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். திருப்புளியின் கைப்பிடியினால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போக வேண்டும். நல்ல பலகை 'டக், டக்' என்று தெளிவாக ஒலிக்கும். உக்கிய இடத்தில் ஒலி மங்கித் 'தொப்' என்று கேட்கும். ஐயம் தோன்றினால் கீழ்ப் போல்ட்டு ஒன்றைக் கழற்றிப் பார்க்கலாம். துளையிலிருந்து தேநீர் நிறத்திற் கசிவு வடிந்தாலோ, அடைமழையில் நனைந்த வைக்கோலின் மணம் வந்தாலோ, வேலை பெரிது என்று அறிந்துகொள்ளலாம். அந்நிலையிற் போல்ட்டை மாற்றிப் பசை பூசுவது, புண்ணைக் கழுவாமல் மருந்திட்டுக் கட்டுவது போன்றது.

பழைய ஓடாவிமார் இந்த வில்லங்கமே வேண்டாமென்று ஆணியையே தவிர்த்திருந்தனர். கரைவலைத் தோணியும், சென்னைக் கரையில் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பலுக்கும் கரைக்குமிடையே ஆளையும் பண்டத்தையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகும் தென்னங்கயிற்றினால் தைக்கப்பட்டவை. அலை அடித்தபோது அவை நெளிந்து கொடுத்தன; ஆணியடித்த படகு விறைத்து நின்று பிளந்தது. இந்துமாக்கடலின் கப்பல்களில் இரும்பாணி இல்லாததைக் கேள்வியுற்ற மேனாட்டார், கடலில் எங்கோ ஒரு காந்தமலை இருக்கின்றதென்றும், அது ஆணிகளைப் பிடுங்கிக்கொள்ளும் என்று அஞ்சியே கயிற்றால் தைக்கிறார்கள் என்றும் கதை கட்டினர். 6ஆம் நூற்றாண்டிலேயே புரோக்கோப்பியஸ் என்னும் சரித்திர ஆசிரியர் இக்கதையை எடுத்துரைத்து, இது மெய்யன்று என்று மறுத்துமிருக்கிறார். நல்ல கதைக்கு மறுப்பு ஒரு பொருட்டா? அதன் பிறகும் பல நூற்றாண்டுகள் அது உலா வந்தது.

பலகைக்கும் பலகைக்குமிடையே நார் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசி நீரை அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். கலப்பற்றில் உள்ள நுட்பம் யாதெனில், அடைக்கும் பொருள் கல்லாக இறுகிவிடக் கூடாது. மரம் விரியவும் சுருங்கவும் அதுவும் உடன் இசைய வேண்டும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நல்லது. இக்காலத்துப் பசைகளைப் பற்றிப் பேசும்போது இதே நுட்பம் மீண்டும் வரும்.

இனி ஆணிகளின் சரித்திரத்துக்கு வருவோம். வெப்பக் கடல்களில் மரம் துளைக்கும் புழுவும், அடியில் ஒட்டி வளரும் சிப்பியும் பாசியும் கப்பல்களுக்குப் பெரும் பகையாக இருந்தன. அவற்றைத் தடுக்க 1761ஆம் ஆண்டு ஆங்கிலக் கடற்படையினர் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் செப்புத் தகடு பொதிந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினர். கப்பல் திரும்பி வந்தபோது புழுவுமில்லை, பாசியுமில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் கரைந்து பசையாகிக் கிடந்தன. இதில் ஒரு வியப்பு என்னவெனில், எல்லா ஆணிகளும் கெடவில்லை. செப்புத் தகடுகள் கப்பற்பட்டறைக்குப் பழுப்புக் காகிதத்திற் சுற்றி வந்திருந்தன. வேலையாட்கள் சில இடங்களிற் காகிதத்தை உரிக்காமலே தகட்டை அடித்துவிட்டனர். காகிதம் தகட்டுக்கும் ஆணிக்குமிடையே அகப்பட்டுக்கொண்ட இடங்களில் ஆணி பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. செம்பும் இரும்பும் நேருக்கு நேர் தொடக் கூடாது என்று 1763இல் அறிக்கை எழுதினார்கள். ஏன் தொடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. வோல்ட்டா தமது மின்னடுக்கை உலகுக்குக் காட்டியது 1800இல். பட்டறைக்காரர் சோம்பலாய் விட்ட ஒரு காகிதத் துண்டு, விஞ்ஞானிக்கு முப்பத்தேழு ஆண்டுகள் முந்திக்கொண்டது.

அறிக்கை எழுதினார்களே தவிர, அதனை முற்றும் கைக்கொண்டார்களில்லை. 1779இலிருந்து சார்ள்ஸ் மிடில்டன் என்பவரின் முயற்சியால் கடற்படை முழுவதற்கும் செம்பு பொதியும் வேலை விரைந்து நடந்தது. காரணம் போர். செம்பு பொதிந்த கப்பல் பாசி பிடிக்காமல் விரைந்தோடும், பொதியாதது பின்தங்கும். இதன் விளைவு நமது கடலிலேயே தெரிந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். ஆகஸ்டு மாத முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அதனைத் தமதாக்கிக்கொண்டார். செப்டம்பர் 3ஆம் நாள் இருவரும் திருகோணமலைக்கு வெளியே மோதினர். சஃப்ரெனின் கப்பல்களுட் சில செம்பு பொதிந்தவை. சில வெறும் மரம். அணிவகுத்து நிற்க முடியாமல் அவருடைய கப்பற் கூட்டம் தடுமாறியதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சஃப்ரென் திருகோணமலையைப் பிடித்த அதே வாரத்தில், ஆகஸ்டு 29ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்பிற்ஹெட் நங்கூரத்துறையில் 'ரோயல் ஜோர்ஜ்' என்னும் பெருங் கப்பல் காற்றோ மழையோ இல்லாத காலைப்பொழுதில் மூழ்கி, எண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மரச்சட்டங்கள் உக்கிப்போயிருந்தன என்று விசாரணையிற் கூறப்பட்டது. அதுதான் காரணமா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. எப்படியாயினும், செம்பின் அடியிலிருக்கும் இரும்பு போல்ட்டுகளின் மேலிருந்த நம்பிக்கை இக்காலத்தில் அடியோடு தளர்ந்தது. செம்பை உருளைகளினூடே செலுத்தி இழுத்துக் கெட்டிப்படுத்திப் போல்ட்டுச் செய்யும் முறை 1783இல் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் இரும்பு போல்ட்டுக்கு இடமில்லாது போயிற்று.

அந்தத் திருகோணமலைப் போரின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. பம்பாயில் பார்சி வகுப்பைச் சேர்ந்த ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் தேக்கினாற் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12ஆம் நாள் நீரில் இறக்கப்பட்ட 'திருகோணமலை' என்னும் அக்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிற் காட்சிப் பொருளாக நிற்கின்றது. அதன் வரைபடங்களை முதலில் ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812இல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரிடம் அகப்பட்டு எரிக்கப்பட்டதால், வரைபடங்களை மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. பம்பாயிற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கப்பல்களுக்கான செம்பும் அந்த 'ஜாவா'வில் இருந்தது. தேக்கு இங்கே, செம்பு அங்கே என்றிருந்த காலம் அது.

செம்பும் இரும்பும் தொட்டால் இரும்பு ஏன் கரைகின்றது என்பதை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் ஊற்றி, ஒன்றில் வெறும் இரும்பாணியையும், அடுத்ததிற் செப்புக் கம்பி சுற்றிய ஆணியையும், மூன்றாவதில் துத்தநாகத் துண்டு கட்டிய ஆணியையும் சில நாட்கள் வைத்திருக்க வேண்டும். செம்பு சுற்றியது மற்றதைவிட விரைந்து துருவேறும். துத்தநாகம் கட்டியது துருவேறாது. அதற்குப் பதிலாகத் துத்தநாகமே வெள்ளையாய் அரிபடும். உலோகங்களுள் கொடுக்கும் சுபாவமுடையவை சில, வாங்கும் சுபாவமுடையவை சில. இரண்டைத் தொடவைத்து உப்புநீரில் முக்கினால் கொடுப்பது மெலியும், வாங்குவது கொழுக்கும். ஹம்ஃப்ரி டேவி 1824இல் இந்த உண்மையைக் கொண்டு கப்பலின் செம்பைக் காக்க, இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அடியிற் பொருத்திப் பார்த்தார். செம்பு கரையவில்லை. ஆனால் பாசியும் சிப்பியும் பழையபடி வந்து குடியேறின! செம்பு கரைந்தால்தான் அதன் நஞ்சு பாசியைக் கொல்லும் என்பது அப்போதுதான் விளங்கியது. தோல்வியுற்ற அந்தத் துத்தநாகத் துண்டு வேறு வேலைக்கு உதவியது. இன்று ஒவ்வொரு வெளியிணைப்பு இயந்திரத்தின் அடியிலும் அலுமினியத்தைக் காக்கத் தன்னைக் கொடுத்துக்கொண்டிருப்பது அதுவே.

அதைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி கரைந்தவுடன் அதனை மாற்ற வேண்டும். அதன் மேல் ஒருபோதும் வர்ணம் பூசலாகாது. அழகுக்காக அதற்கும் சேர்த்து வர்ணம் பூசிவிடுவோரைப் பார்க்கும்போது, காவற்காரனை அறையிற் பூட்டிவிட்டு உறங்கப் போகிறவரின் நினைவு வருகின்றது. மகாவலி வெள்ளம் இறங்கும் மாதங்களில் கொட்டியாரக் குடாவின் தென்பகுதியிலும் களப்புகளிலும் உப்புக் குறைந்துவிடும். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் மூடி அது வேலை செய்யாது நின்றுவிடுவதுண்டு. அத்தகைய இடத்தில் அலுமினியக் கலவைத் துண்டே ஏற்றது.

இப்போது கடைக்குப் போய்ப் போல்ட்டு வாங்குவோம். கடைக்காரர் காட்டுவன பலவாக இருக்கும். துத்தநாகம் பூசிய இரும்பு மலிவானது. பூச்சு உரிந்ததும் கதை முடிந்தது. பித்தளையைத் தொடவே வேண்டாம். கடல்நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்துபோய், உள்ளே கடற்பஞ்சு போன்ற சிவந்த செம்பு எஞ்சும். வடிவம் அப்படியே இருக்கும், வலிமை இராது. எஞ்சுவது எவர்சில்வர். அதிலும் இரண்டு குலம் உண்டு. நமது அடுக்களைக் குவளையும் கிண்ணமும் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்த 304 என்னும் வகை. கடலுக்கு வேண்டியது 316 என்னும் வகை. அதில் இரண்டு முதல் மூன்று பங்கு மொலிப்டினம் என்ற உலோகம் கூடுதலாக உண்டு. உப்புக் கரைசலை இரவு முழுவதும் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் விட்டுவைத்தால், ஊசிமுனை போன்ற புள்ளிகள் விழுவதைப் பல வீடுகளிற் காணலாம். 316 அதனைப் பெரிதும் தாங்கும்.

"காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சாமான்" என்று கடையிற் சொல்வார்கள். இரண்டு வகையிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. பித்தளைக்குக் குரோமியம் பூசியிருந்தாலும் ஒட்டாது. போல்ட்டின் தலையைப் பார்ப்பதே வழி. 'ஏ2' என்று பொறித்திருந்தால் 304 குலம். 'ஏ4' என்று பொறித்திருந்தால் 316 குலம். அதனையடுத்து 70 அல்லது 80 என்று வரும் எண் வலிமையைக் குறிக்கும். ஒன்றும் பொறிக்காத தலையுடையதை விட்டுவிடுவதே உத்தமம்.

இவ்வளவு பார்த்து வாங்கிய ஏ4 போல்ட்டும் ஒரு நிலையில் ஏமாற்றிவிடும். எவர்சில்வர் துருவேறாததற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையை உண்டாக்கிக்கொள்வது. போர்வை கிழிந்தால் உடனே மறுபடி நெய்துகொள்ளும். அதற்கு ஒட்சிசன் வேண்டும். ஈரமான பலகைக்குள் காற்றுப் புகாத துளையில் உப்புநீரோடு அடைபட்ட போல்ட்டுக்கு அது கிடைப்பதில்லை. மூச்சுத் திணறி நடுவுடலில் அரிபடுகின்றது. வெளியே தலை பளபளக்கும். உள்ளே நட்டும் பளபளக்கும். கழற்றினால் நடுவில் இடுப்பு மெலிந்து எறும்பு போல் இருக்கும். ஆகவே நீரை அடைப்பது பலகைக்காக மட்டுமன்று, போல்ட்டுக்காகவுமே.

அடைக்கும் முறையை ஒரு கற்பனை உரையாடலாகச் சொன்னால் எளிதில் விளங்கும். தோப்பூர்ப் பக்கத்துக் கரையில் ஓர் இளைஞன் போல்ட்டைத் துளையில் ஏற்றப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள ஓடாவியார் அருகே வருகிறார்.

"தம்பி, துளை காய்ந்திருக்கா?"

"நேற்றுத்தான் கழற்றினேன், காக்கா. துடைச்சுவிட்டேன்."

"துடைச்சா காய்ந்ததாகுமா? நாலு நாள் வெயிலில் விடு. பிறகு பேசலாம்."

நான்கு நாள் என்பது குறைந்த கணக்கு. ஈரம் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. காய்ந்த பின், 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 12 மில்லிமீற்றர்த் துளை என்று நிற்காமல், துளையை 16 அல்லது 18 மில்லிமீற்றராக அகலித்து, ஒரு புறத்தை நாடாவினால் அடைத்து, எபொக்சி என்னும் இருகூட்டுப் பசையை அதற்குரிய தூள் சேர்த்துக் கெட்டியாக்கி நிரப்ப வேண்டும். அது இறுகிய பின் நடுவில் 12 மில்லிமீற்றர்த் துளை போட வேண்டும். இப்போது போல்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே கல் போன்ற ஒரு குழாய் நிற்கின்றது. மேற்பசை நாளை கசிந்தாலும் நீர் மரத்தைத் தொட முடியாது. இந்த ஒரு வேலையைச் செய்தால் மற்றவற்றிற் பாதிக் கவலை நீங்கும் என்பது எமது துணிபு. ஒரு நாள் கூடச் செல்கிறதே என்று இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகின்றனர்.

துளையின் வெளிவாயைச் சிறிது சரித்துக் குழிவாக்கிவிட வேண்டும். அக்குழியில் தங்கும் பசை, தலையின் கீழ் ஒரு வளையமாக நிற்கும். குழி இல்லாவிட்டால் முறுக்கும்போது பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

பசை எது? கடைகளில் எளிதிற் கிடைப்பது சிலிக்கோன். வினாகிரி மணக்கும் அந்தச் சாமானைக் குளியலறைக் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள அமிலம் உலோகத்தைத் தீண்டும். நீருக்கடியில் நாளடைவிற் பற்றை விட்டுவிடும். விட்ட இடத்தில் அது ஒருவித எண்ணெய்ப் பிசுக்கை வைத்துவிடுவதால், பின்பு வேறெந்தப் பசையும் அங்கே ஒட்டாது. நீருக்குக் கீழே பொலியூரிதேன் அல்லது பொலிசல்பைட்டு வகைப் பசையே வேண்டும். இரண்டும் இறுகிய பின்னும் இறப்பர் போல் இசைந்து கொடுக்கும். கலப்பற்றுக்காரர் கண்ட நுட்பம் இதுவே. வலிமை மிகுந்த பொலியூரிதேன் சில, ஒட்டிவிட்டால் பிரிக்க விடா. வாடைக்கு வாடை இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் நமது கரைகளுக்குப் பொலிசல்பைட்டோ நடுத்தர வலிமையுள்ள பொலியூரிதேனோ பொருந்தும்.

பசையைத் தலையின் கீழும், போல்ட்டின் உடலிலும், துளையின் வாயிலும் தாராளமாகப் பூசி வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். உட்புறத்தில் சிறிய வாஷர் போதாது. அகன்ற வாஷரோ, தடித்த உலோகத் தகடோ வைத்தால்தான் இழுவை பலகையின் பரப்பிற் பரவும். எவர்சில்வர் நட்டும் எவர்சில்வர்ப் போல்ட்டும் உலர்ந்த நிலையில் விரைந்து முறுக்கினால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிடும். மரையிற் சிறிது கிறீசு தடவிக்கொள்வது நலம். முறுக்கும்போது வெளியே தலையை ஒருவர் அசையாமற் பிடிக்க, உள்ளே நட்டை மட்டும் மற்றவர் திருக வேண்டும். தலை சுழன்றால் அதனடியிலுள்ள பசை வளையம் அறுந்துவிடும். பசை சுற்றிவரச் சமமாகப் பிதுங்கியவுடன் நிறுத்தி, அது இறுகிய பின் மறுபடி சிறிது முறுக்கலாம். பலத்தைக் காட்டி இறுக்கினால் பலகை நசுங்குமேயன்றிப் பிடி கூடாது.

இயந்திரம் படகின் உள்ளேயும் விசிறிப் பகுதி வெளியேயும் அமைந்த 'ஸ்டெர்ன் டிரைவ்' என்ற வகையும் உண்டு. சுவீடன் தேசத்து வோல்வோ பென்டா நிறுவனம் 1959இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் அதனை அறிமுகம் செய்தது. சிறு மீன்பிடிப் படகுகளுக்கு அது ஒத்துவராது. உல்லாசப் படகுகளுக்கு உரியது. அதிற் பின்பலகையிற் பெரிய ஓட்டையே வெட்ட வேண்டியிருப்பதால் மேலே கூறிய விதிகள் இன்னும் கடுமையாகப் பொருந்தும். பலகையின் தடிப்பு பெரும்பாலும் 2 அங்குலம் முதல் 2¼ அங்குலத்துக்குள் இருக்கவேண்டும் என்றும், உள்முகமும் வெளிமுகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும் என்றும் தயாரிப்பாளர் கணக்குச் சொல்கின்றனர். வெட்டிய ஓட்டையின் விளிம்பில் தெரியும் பச்சை மரத்தை எபொக்சியால் மூடாமல் விடுவதே அவ்வகைப் படகுகளின் பின்பலகை உக்குவதற்குப் பெருங் காரணம்.

மாசி பங்குனியிற் கடல் தணிந்து படகை இறக்கும் முதல் நாளில், அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்தவுடன் பின்பலகையின் உட்புறத்தை நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு நட்டின் கீழும் ஒரு வெள்ளைத் துணித்துண்டைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போகலாம். திரும்பி வரும்போது துணி உலர்ந்து வெள்ளையாகவே இருந்தால் வேலை முடிந்தது. ஈரமிருந்தால் அந்தப் போல்ட்டை மட்டும் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். ஈரம் தேநீர் நிறத்தில் இருந்தால், படகு அன்றே மணலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.